தண்ணீர் நிற்காத தொட்டி

எங்கள் கோயில் தலைவர் காளிதாசன் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார். செருமியதுமே செயலாளர் குணாளன் தலையாட்டத் தொடங்கிவிடுவார். இன்னும் ஒரு சொல்கூட வந்திருக்காது. இந்த இரண்டு அறிவாளிகளும்தான் புக்கிட் செலம்பாவ் பக்கம், பாதி செம்பனையாகவும் பாதி தாமான் குடியிருப்பாகவும் ஆகிப்போன எங்கள் பழைய தோட்டத்தின் மாரியம்மன் கோயிலை நிர்வகிக்கிறார்கள். நான் மகளிர் பகுதித் தலைவி. அதாவது கடலை அவிக்கவும் கேசரி கிண்டவும் ஓர் ஆள். கூட்டம் நடந்தால் "மகளிர் சார்பில் ஷாமளா" என்று ஒரு வரி எழுதிக்கொள்வார்கள். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதமாட்டார்கள்.

பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். வருடக்கணக்காகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "பாப்போம் லா" என்பார் தலைவர். அப்படிப்பட்ட கோயிலுக்குத்தான் ஒரு நாள் லாரியில் வந்து இறங்கியது மூன்றடுக்கு நீரூற்று.

டத்தோ பட்டம் வாங்கிய விக்னேஸ்வரன் என்று சுங்கைப் பட்டாணியில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் அப்படி ஒன்று இருக்கிறதாம். ஒரு விருந்துக்குப் போய் அதைப் பார்த்ததிலிருந்து காளிதாசனுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் டத்தோவே ஒன்றை வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். திருவிழா அன்று அவரே வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. சாலையோரத்தில் பூச்சட்டியும் சிமெண்டுச் சிங்கமும் விற்பார்களே, அந்த மாதிரிக் கடைச் சரக்குதான். கீழே ஒரு வட்டத் தொட்டி. அதன் நடுவில் தூண், தூண்மேல் பெரிய கிண்ணம், அதற்கு மேல் நடுக் கிண்ணம், உச்சியில் சின்னக் கிண்ணம். தொட்டிக்குள் கிடக்கும் பம்ப் தண்ணீரை உச்சிக்கு ஏற்றும். அது நிறைந்து விளிம்பு முழுக்க வழிந்து அடுத்த கிண்ணத்தில் விழும், அதிலிருந்து அடுத்ததில், பிறகு தொட்டியில். போன தண்ணீரே திரும்பி வரும். அதற்குமேல் அந்தப் பொருளுக்கு எந்த மகிமையும் கிடையாது.

ஆனால் காளிதாசனிடம் வந்த பொருள் சும்மா இருக்க முடியுமா? கடைக்காரனின் ஆட்கள் தூணை நிறுத்தி, பெரிய கிண்ணத்தை மாட்டி, நடுக் கிண்ணத்தை ஏற்றப் போகும் நேரத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சாமி எடத்துல ஒன்ன நிக்க வெக்கிறோம். வெறுமனே வெச்சிர முடியுமா லா? வாசக்காலுக்கே நவதானியம் போடுறோம்."

பூசாரி முருகையா தலையைச் சொறிந்தார். "போடுறதுதான் தலைவரே. ஆனா அது மண்ணுக்குள்ள, அஸ்திவாரத்துல போடுறது. இது தண்ணி ஓடுற சாமான்."

"சாமி காரியத்துல கணக்குப் பாக்காதீங்க. போடுங்க."

பூசாரி மஞ்சள் துணியில் ஒரு பிடி நவதானியத்தை வைத்து முடியப் போனார். தலைவருக்கு அது போதவில்லை. பச்சைப்பயறு, உளுந்து, மொச்சை, கொண்டைக்கடலை என்று தன் கையாலேயே அள்ளி அள்ளிப் போட்டார். பந்து மாதிரி ஒரு மூட்டை ஆயிற்று. நடுக் கிண்ணம் உட்காரும் தூணின் வாயில், குழாய் போகும் பொந்துக்குள் அதைத் திணித்து, மேலே கிண்ணத்தை ஏற்றி, சுற்றிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். கடைக்காரனின் ஆட்கள் இருவரும் வங்காளதேசத்துப் பிள்ளைகள். ஒன்றும் புரியாமல் கொடுத்த சுண்டலைத் தின்றுவிட்டுப் போனார்கள். அன்று தண்ணீர் நாலா பக்கமும் சீராக, பாவாடை விரித்த மாதிரி விழுந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் தொட்டியை நிரப்பும் வேலை யார் தலையில் விழுந்தது என்று கேட்கவே வேண்டாம். பிரேமாவதி. கோயிலைக் கூட்டிக் கழுவுகிறவள், பாத்திரம் விளக்குகிறவள், விடியும் முன்பே பூப் பறிக்கிறவள், அம்மன் சேலையை அலசிக் காயப்போடுகிறவள், எல்லாம் அவள்தான். புருஷன் செத்துப் பல வருடம் ஆகிறது. ஒரே மகன் பினாங்கில் தொழிற்சாலையில் இருக்கிறான். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பலகை வீட்டில்தான் அவள் குடியிருப்பு. வீட்டைச் சுற்றி நாலு மிளகாய்ச் செடியும் கத்தரியும் வைத்திருந்தாள். தினமும் காலையில் ரப்பர் குழாயை இழுத்து வந்து தொட்டியை நிரப்பி, பம்பைத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாள்.

இரண்டு நாள்தான் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு காலையில் நிரப்பிய தொட்டி மத்தியானத்துக்குள் வறண்டது. தண்ணீர் கிடைக்காமல் காற்றை இழுத்து பம்ப் ஓலமிட்டது. உச்சிக்கால பூசையில் பூசாரி மந்திரம் சொல்ல, அதற்குப் பின்பாட்டு மாதிரி அந்தச் சத்தம். கேட்டவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எந்தச் சத்தம் கேட்டாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சனம்.

அடுத்து ஆரம்பித்தது தலைவரின் பழுதுபார்ப்புப் படலம். முதலில், பூ அடைத்துக்கொண்டது என்றார். அது முழுப் பொய்யில்லை. நீரூற்று வந்த மறுநாளே நம் ஆட்கள் அதற்கு மாலை போட ஆரம்பித்துவிட்டார்கள். கிண்ணத்தில் குங்குமம், தொட்டியில் சாமந்தி, எவனோ அரை எலுமிச்சம்பழம்கூட மிதக்க விட்டிருந்தான். பம்ப் வாயில் அடைத்திருந்த இதழ்களைப் பிரேமாவதி உட்கார்ந்து நோண்டி எடுத்தாள். பம்ப் நன்றாக இழுத்தது. தண்ணீர் மட்டும் முன்பைவிட வேகமாகக் காலியானது.

பம்ப் சின்னது என்று அடுத்த கண்டுபிடிப்பு. தொட்டியில் தண்ணீர் குறைகிறதென்றால் பெரிய பம்ப் போட வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. போட்டார்கள். தண்ணீர் மண்டபத்துக் கூரைவரை பீறிட்டு ஒலிபெருக்கியை நனைத்தது. அன்று சாயங்காலம் அம்மன் பாட்டு சளிப் பிடித்தவன் பாடியது போல வந்தது. பழைய பம்பையே திரும்ப மாட்டினார்கள். பிறகு, தொட்டியில் விரிசல் என்று குணாளன் சிலிக்கான் பசையை வாங்கி வந்து கண்ட இடமெல்லாம் பூசினார். பிறந்தநாள் கேக் மாதிரி ஆயிற்று தொட்டி. மத்தியானம் பம்ப் மறுபடி ஓலமிட்டது.

அப்போதுதான் காளிதாசன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஓட்ட தொட்டில இல்ல. ஆளுல இருக்கு."

பிரேமாவதியின் மிளகாய்ச் செடி பச்சைப் பசேலென்று இருக்கிறதாம். கத்தரி காய்த்துத் தொங்குகிறதாம். கோயில் தண்ணீர் இல்லாமல் எப்படி என்று ஆராய்ந்தார்கள். எங்கள் ஊர் மழையைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். குணாளன் தானே தொட்டியை நிரப்பி, எதிரில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். காவல் என்றால் கைப்பேசியில் படம் பார்த்தார். நிமிர்ந்தபோது தொட்டி காலி. அவர் கண்ணெதிரிலேயே, யாரும் கிட்டே வராமல். மூளை உள்ளவனாக இருந்தால் அந்த இடத்திலேயே பிரேமாவதியிடம் போய் மன்னிப்புக் கேட்டிருப்பான். இவர்கள் செயற்குழுவைக் கூட்டினார்கள்.

"திருடு இல்லன்னு தெரிஞ்சிருச்சு," என்றார் காளிதாசன். "அப்ப வேற என்ன? நல்ல காரியத்துக்கு வந்த சாமான். தெனம் காலையில அத மொதல்ல தொடுறது யாரு? பூவும் பொட்டும் இல்லாத கை. தண்ணி எப்படி நிக்கும்?"

குணாளன் தலை ஆடியது. மற்றவர்கள் தேநீரைப் பார்த்தார்கள். எனக்கு உச்சந்தலை சுட்டது.

"ஏன்ணே, அம்மன் சேலயத் தொவைக்கறதும் அந்தக் கைதானே? சேல கருகிப் போச்சா? நீங்க வாய்ல போடுற பொங்கல் பாத்திரம்? அத வெளக்கறது யாரு?"

"தங்கச்சி, நீ எல்லாத்துக்கும் சண்டைக்கு வராத. டத்தோ வர்ற நேரம். அவங்க கொடுத்த சாமான் ஓடலன்னா கோயிலுக்கு அசிங்கம். பிரேமாவதிய நான் வெரட்டல. திருவிழாவுக்குள்ள வீட்டக் காலி பண்ணிக் குடுத்தா நல்லதுன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். வெள்ளிக்கிழமை பூசைக்கு ஊரே கூடியிருந்தபோது அதை மைக்கில் வேறு சொன்னார். பெயர் சொல்லவில்லை. "கோயில் வளாகத்தில் தீட்டு இருப்பதால் தண்ணீர் தங்கவில்லை, அதற்குரிய மாற்றம் செய்யப்படுகிறது" என்று செய்தி வாசிப்பவர் போலச் சொன்னார். அப்போது பிரேமாவதி கையில் விபூதித் தட்டுடன் நின்றிருந்தாள். ஊர்க் கண் முழுக்க அவள்மேல் திரும்பியது. அவள் நீட்டிய தட்டிலிருந்து விபூதி எடுக்க இரண்டு பெண்கள் தயங்கியதை நான் பார்த்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். துணிகளை மடித்து அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்துப் போனேன். முகம் கல்லாக இருந்தது.

"எங்கடி போவ?" என்றேன்.

"தெரியலக்கா. மவன் ஒரு ரூம்ல கூட்டாளிங்களோட ஒண்டிக்கிட்டு இருக்கான். அங்க போய் நான் எங்க படுக்கறது?"

"என் வீட்டுக்கு வா. கடையிலயும் ஆள் வேணும்."

"வரேன். வேல செஞ்சு சாப்பிட எனக்கென்ன கஷ்டம்?" மடித்த சேலையை மறுபடி பிரித்து மடித்தாள். "வீடு போனா போவுதுக்கா. ஆனா என்னாலதான் தண்ணி நிக்கலன்னு மைக்குல சொன்னாங்கல்ல? அதே மைக்குல, அதே சனத்துக்கு முன்னாடி, இவ மேல தப்பு இல்லன்னு சொல்லட்டும். அதுக்குப் பொறவு இருக்கறதா போறதான்னு நான் பாத்துக்கறேன். அது வரைக்கும் இந்த வாசப்படிய விட்டு எறங்க மாட்டேன்."

அதில் பிசகு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. அதை அந்த ஆள் வாயிலிருந்து பிடுங்குவதென்று முடிவு செய்தேன்.

எனக்குப் பிழைப்பு பக்கத்து ஊரான திகாம் பத்துவில். காசு போட்டால் துவைத்துக் கொடுக்கும் இயந்திரங்களை வைத்து ஒரு டோபிக் கடை நடத்துகிறேன். அந்த இயந்திரங்களில் ஒன்று கொஞ்சம் கோணலாக நின்றாலும் போதும், ஆடி ஆடி நடந்தே கதவுவரை வந்துவிடும். அதனால் மட்டம் பார்க்கும் ரசமட்டம் எப்போதும் கையில் இருக்கும். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போய், குணாளன் வழக்கம்போல் தொட்டியை நிரப்பிப் பம்பைத் தட்டிவிட்டதும், நான் தொட்டியைப் பார்க்காமல் மேலே பார்த்தேன். இத்தனை நாளும் எல்லோரும் குனிந்து தொட்டியைத்தான் பார்த்தார்கள். நிமிர்ந்து பார்த்த ஒரு ஜென்மம் இல்லை.

முன்பக்கம் விளிம்பு காய்ந்து கிடந்தது. நடுக் கிண்ணத்தின் தண்ணீரெல்லாம் மதிற்சுவர்ப் பக்கமாக ஒரே தாரையாக வழிந்தது. அதுவும் கீழ்க் கிண்ணத்தில் விழவில்லை. அதன் உதட்டைத் தாண்டி, தொட்டியையும் தாண்டி, சுவரோரத்து மணலில் விழுந்து உறிஞ்சிக்கொண்டு போனது. ரசமட்டத்தை விளிம்பில் வைத்தேன். குமிழி ஒரே ஓட்டமாக ஓர் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே நிஜமாகவே கூடம்தான் கோணல், ஆடாதவள்மேல் பழி.

ஆனால் முதல் நாள் சீராக ஓடியதே, பிறகு எப்படிக் கோணியது? அதுதான் பிடிபடவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டேன். அவசரத்தில் பாத்திரம் சின்னதாகிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் கடலை உப்பி, மேலே வைத்திருந்த மூடியையும், மூடிமேல் வைத்திருந்த அம்மிக் குழவியையும் சேர்த்து ஒரு பக்கமாகத் தூக்கியிருந்தது. அடுப்படியில் நின்றபடி நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. காளிதாசனின் நவதானியம்! குழாய் ஓரமாகக் கசிந்த தண்ணீரில் ஊறி, பொந்துக்குள் இடமில்லாமல், கிண்ணத்தை ஒரு பக்கமாக நெம்பிவிட்டிருக்கிறது. சாமி காரியத்தில் கணக்குப் பார்க்காதவர் அள்ளிப் போட்ட பயறு.

உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்த நடுக் கிண்ணத்தத் தூக்கி உள்ள வெச்ச மூட்டைய எடுத்துட்டா தண்ணி ஒழுங்கா ஓடும்."

"என்னது? நல்ல நேரம் பாத்து வெச்சத எடுக்கறதா? ஒனக்கு என்ன பைத்தியமா லா?"

"பயறு ஊறி உப்பியிருக்குண்ணே. தீட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"திருவிழா முடியட்டும். பாப்போம்."

"திருவிழாவுக்குள்ள அவள வீட்டக் காலி பண்ணச் சொல்லியிருக்கீங்களே!"

"அது வேற, இது வேற," என்று வைத்துவிட்டார்.

பூசாரியிடம் போனேன். "எனக்கும் அப்பவே மனசுல பட்டுச்சும்மா," என்றார் முருகையா. "நான் சொன்னா கேப்பாரா?" மனசில் பட்டதை மனசிலேயே வைத்துக்கொண்டு மணி ஆட்டுகிறவர். காளிதாசனாவது தன் மடமையை நம்புகிறார். எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கும் இந்த ஆளைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

திருவிழா வந்தது. டத்தோ விக்னேஸ்வரன் கறுப்புக் காடியின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். யான் என்ற ஊரிலிருந்து வரவழைத்த மேளக் குழு வாசித்தது. பொன்னாடை, மாலை, மறுபடி பொன்னாடை. பிரேமாவதி சொன்னது போலவே வீட்டைவிட்டு இறங்கவில்லை. கட்டிய பெட்டிகளுக்குப் பக்கத்தில், வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காளிதாசன் அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு டத்தோவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

நீரூற்றுக்கு அவர் என்ன ஏற்பாடு செய்திருந்தார் தெரியுமா? மதிற்சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில், வாழை மரத் தோரணத்துக்குப் பின்னால், குணாளனைக் குத்துக்காலிட்டு உட்கார வைத்து, கையில் ரப்பர் குழாயைக் கொடுத்திருந்தார். தண்ணீர் வழிந்து போகப் போக அவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோயில் செயலாளர், பட்டு வேட்டியில், தலையில் தண்ணீர் கொட்டக் கொட்ட. டத்தோ பொத்தானை அழுத்தினார். தண்ணீர் ஏறியது. சனம் கைதட்டியது. காளிதாசன் மைக்கைப் பிடித்து டத்தோவைப் பகீரதன் என்றார், கர்ணன் என்றார். அடுத்து என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் அது ஓர் அதிசயமில்லை, நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும். கொஞ்ச நேரத்தில் தொட்டி வறண்டு பம்ப் ஓலமிட ஆரம்பித்தது.

"சின்னத் தடங்கல்," என்றார் காளிதாசன் மைக்கில். வியர்த்துக் கொட்டியது. "சொன்னா கேக்காதவங்க, தீட்டு உள்ளவங்க, இன்னும் வளாகத்துலயே நின்னுக்கிட்டு இருக்கறதால..." என்று பலகை வீட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. சுண்டல் கரண்டியைப் போட்டுவிட்டு நேராகப் போனேன்.

"வசந்தா! வா இங்க. உன் கூட்டாளியையும் கூப்பிடு. இந்தக் கிண்ணத்தத் தூக்குங்க."

வசந்தன் என் தங்கை மகன். காவடி எடுக்கிற உடம்பு. தலைவர் "தொடாத, தொடாத" என்று ஓடி வந்தார். டத்தோ குனிந்து பம்பின் ஓலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "தூக்கித்தான் பார்க்கட்டுமே" என்றார். டத்தோ சொன்ன பிறகு காளிதாசனுக்கு ஏது வாய்? பம்பை நிறுத்தினார்கள். உச்சிக் கிண்ணத்தை இறக்கி வைத்துவிட்டு, நடுக் கிண்ணத்தைப் பிள்ளைகள் இருவரும் பிடித்துத் தூக்கினார்கள்.

பொந்துக்குள்ளிருந்து மஞ்சள் துணி கிழிந்து பிதுங்கியிருந்தது. கிழிசல் வழியாக முளைகள், வெளிச்சம் படாமல் வெளுத்து, இளமஞ்சள் நிறத்தில், குழாயைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றன. அடியில் அழுகல் நாற்றம். நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"எல்லாரும் பாத்துக்குங்க. தண்ணி நிக்காததுக்கு இதான் காரணம். தலைவர் வெச்ச பயறு ஊறி உப்பி, கிண்ணத்தக் கோணலாக்கிருச்சு. தண்ணி அந்தப் பக்கமா வழிஞ்சு மண்ணுக்குப் போயிருச்சு. அதுக்குப் பிரேமாவதி கையும் காரணமில்ல, அவ பொட்டு வெக்காததும் காரணமில்ல."

சனம் முளையைப் பார்த்தது, சுவரோரத்து ஈர மணலைப் பார்த்தது. புரிந்துகொண்டார்கள் என்றே நினைத்தேன். முட்டாள் நான்தான்.

"முளைப்பாரி!" என்று முன்வரிசையில் ஒருத்தி கத்தினாள். "ஆத்தா, தானா முளைச்சிருக்கா!"

அவ்வளவுதான். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. ஒருத்தி சாமி வந்து ஆடினாள். சூடம் ஏற்றினார்கள். அழுகல் நாற்றத்தைச் சந்தன வாசம் என்றான் ஒருவன். திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவது வழக்கம்தான். இருட்டில் வைத்து வளர்த்தால் முளை வெளுத்துத்தான் இருக்கும், இங்கே உள்ள எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். கல்லுக்குள் திணித்த பயறும் பயறுதான் என்பது மட்டும் தெரியாது. டத்தோ கைகூப்பி நின்றார். நாலா பக்கமும் கைப்பேசிகள் உயர்ந்தன. கையில் மைக்குடன் நான் நின்றேன், என்னை ஒரு நாய்கூடப் பார்க்கவில்லை. இந்தச் சனத்துக்காகவா இத்தனை வருடம் கேசரி கிண்டினேன் என்று வயிறு எரிந்தது.

காளிதாசன் பூனைபோல வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அம்மன் தண்ணிய வீணாக்கல, பக்த கோடிகளே. தன் பயிருக்குத் தானே ஊத்திக்கிட்டா!"

அந்த ஆளின் மூளையை அன்றுதான் வியந்தேன். பழுது பார்க்க உதவாத மூளை, பழுதை அற்புதமாக்க எவ்வளவு சுருக்காக ஓடுகிறது! சனம் ஆர்ப்பரித்தது. அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. பலகை வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"பிரேமாவதியம்மா! பயப்படாதீங்க. அம்மன் ஒங்கள மன்னிச்சிட்டா. பெட்டிய அவுத்து வைங்க, வீட்டுலயே இருங்க. நாளைக்குக் காலையில வந்து இந்த எடத்தயெல்லாம் சுத்தம் பண்ணிருங்க."

சிலர் கைதட்டினார்கள். நல்ல மனசு என்றார்கள். பிரேமாவதி வாசற்படியை விட்டு இறங்கினாள். சனம் வழி விட்டது. நேராகத் தலைவர் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். காலில் விழப்போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, மைக்கைக் கொடுத்துவிட்டு ஆசீர்வாதம் செய்ய வாகாக நின்றார்.

"அம்மன் மன்னிச்சிட்டாங்களா?" என்றாள். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொன்னாங்களா, தலைவரே?"

காளிதாசன் சிரித்தார். மேளக்காரர்கள் பக்கம் விரலை ஆட்டினார். வேண்டாத சொல் காதில் விழாமல் இருக்கக் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டச் சொல்வார்களே, அதே விரல். தவிலும் நாதஸ்வரமும் இடிபோல முழங்கின. பிரேமாவதி வாயை மூடிக்கொண்டு, மைக்கைக் கீழே வைக்காமல் நின்றாள். எவ்வளவு நேரம்தான் கொட்டுவார்கள்? மூச்சு வாங்க நிறுத்தினார்கள்.

"என்னாலதான் தண்ணி நிக்கலன்னு இந்த மைக்குலதான் சொன்னீங்க," என்றாள் அவள், விட்ட இடத்திலிருந்து. "இப்ப இதுலயே..."

விரல் மறுபடி ஆடியது. மேளம் மறுபடி முழங்கியது. இந்தத் தடவை சனமும் முளையை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. டத்தோவும் பார்த்தார். மேளம் ஓய்ந்தது. அவள் அசையவில்லை.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? சொல்லுங்க. ஒன்னும் இல்லன்னா, அதச் சொல்லுங்க."

காளிதாசன் மூன்றாம் முறை விரலை ஆட்டினார். தவில்காரர் குச்சியை ஓங்கிக்கொண்டு நாதஸ்வரக்காரரைப் பார்த்தார். பரஞ்சோதி என்று பெயர் அவருக்கு. யானிலிருந்து வந்தவர், எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது, பிரேமாவதியையும் தெரியாது. வாயிலிருந்து நாதஸ்வரத்தை எடுத்து, சீவாளியைத் துண்டால் துடைத்து, கருவியை மடியில் கிடத்திக்கொண்டார். தவில்காரர் குச்சியை இறக்கினார்.

காளிதாசன் டத்தோவைப் பார்த்தார். டத்தோ வேறு பக்கம் பார்க்கவில்லை. குணாளன் ஈர வேட்டியைப் பிழிந்தபடி தோரணத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றார்.

பிரேமாவதி மைக்கைத் திருப்பிக் காளிதாசன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"சொல்லுங்க, தலைவரே. எல்லாரும் கேக்குறாங்க."